ஹெடர் சொன்ன பொய்

தபால் உறைமேல் முகவரி இருப்பதுபோல, ஒவ்வொரு மின்னஞ்சலின் தலையிலும் ஹெடர் என்று சில வரிகள் உண்டு. 1982-ல் வந்த ஆர்எஃப்சி 822 இதற்கு விதி வகுத்தது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஆங்கில எழுத்துகள்தான். 1992-ல் மைம் வந்தபின், மடல் எந்தக் குறியேற்றத்தில் உள்ளது என்று சொல்ல 'கன்டென்ட்-டைப்' வரி சேர்ந்தது.

1990-களின் இறுதியில் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து திஸ்கியை உருவாக்கினார்கள். ஆனால் குறியேற்றப் பெயர்களைப் பதியும் ஐயானாவில் அந்தப் பெயர் அப்போது இல்லை. அதனால் பல திஸ்கி மடல்கள் 'ஐஎஸ்ஓ-8859-1', அதாவது மேற்கு ஐரோப்பிய எழுத்து, என்ற ஹெடருடன் போயின. திறந்தால் புள்ளியும் கோடும் வைத்த லத்தீன் எழுத்துகள்! எழுத்துருவைக் கையால் மாற்றினால்தான் தமிழ் தெரியும். 2007-ல் திஸ்கி பதிவானது. அதற்குள் பலரும் யுனிகோடுக்குப் போய்விட்டார்கள்.

பழைய மடல்களை இன்று யுனிகோடுக்கு மாற்றும் மென்பொருள் ஹெடரை அப்படியே நம்பினால், அந்த லத்தீன் கிறுக்கலே யுனிகோடாகப் பதிந்துவிடும். உள்ளே இருக்கும் பைட்டுகளைப் பார்த்து, திஸ்கிதான் என்று உறுதிசெய்து மாற்றிய பிறகே புதிய ஹெடரில் 'யூடிஎஃப்-8' என்று எழுத வேண்டும். இணையத் தமிழின் முதல் பேச்சுகள் பிழைப்பது அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.