வாரும் விடுதலையும்

நாய்க்குட்டி ஒன்றின் மார்பில் முதன்முறையாக வாரைப் பூட்டும்போது நிகழ்வதை, நாய் வளர்த்தோர் அனைவரும் அறிவர். சில குட்டிகள் அசையாமல் உறைந்து நிற்கும். சில தரையில் விழுந்து புரளும். சில வாரைக் கடித்து அறுக்க முயலும். வீட்டுக்குள் நிகழும் சிறு சம்பவமாகத் தோன்றும் இதற்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு உண்டு. வேட்டைக்காரர்களும் உடலியல் அறிஞர்களும் போரில் பார்வையிழந்த வீரர்களும் அதில் இடம்பெறுகின்றனர். அதன் சில பக்கங்களை இங்கே புரட்டிப் பார்ப்போம்.

சவூதி அரேபியாவின் ஷுவைமிஸ், ஜுப்பா ஆகிய இடங்களிலுள்ள பாறைச் செதுக்கல்களைப் பற்றிய ஆய்வொன்று 2017இல் வெளியானது. வில்லேந்திய வேட்டைக்காரனைச் சூழ்ந்து நாய்கள் நிற்கின்றன. அவற்றுள் சிலவற்றின் கழுத்திலிருந்து அவனது இடுப்புக்கு ஒரு கோடு செல்கிறது. செதுக்கல்களின் வயது 8,000 ஆண்டுகளுக்கு மேல் இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அக்கோடு மெய்யாகவே கயிற்றைக் குறிப்பதாயின், நாய்க்கும் மனிதனுக்கும் இடையிலான கயிற்றுக்கு நாம் அறிந்த மிகப் பழைய சான்றுகளுள் அதுவும் ஒன்றாகும். எகிப்தில் 1899இல் திறக்கப்பட்ட மைஹெர்ப்ரி என்பவரின் கல்லறையில் தோலாலான இரு நாய்க் கழுத்துப்பட்டைகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றில் நாயின் பெயரும் எழுதப்பட்டிருந்தது. கட்டி வைத்த விலங்குக்குப் பெயருமிட்டு, அப்பெயரைத் தன் கல்லறை வரை கொண்டுசென்ற மனிதரை அங்கே காண்கிறோம்.

வாரைப் பற்றி விரிவாகப் பேசும் பழைய நூல்களுள் முதன்மையானது, கிரேக்கரான செனபோனின் பெயரில் வழங்கும் வேட்டை நூல். காலம் கி.மு. 4ஆம் நூற்றாண்டு. கழுத்துப்பட்டை மென்மையாகவும் அகலமாகவும் இருத்தல் வேண்டும், இல்லையேல் உரோமம் தேய்ந்துவிடும் என்கிறது அந்நூல். உடலைச் சுற்றும் வார்களும் விலாவை உராயாதபடி அகலமாக அமைய வேண்டும். பெண் நாயை எட்டாம் மாதத்திலும் ஆண் நாயைப் பத்தாம் மாதத்திலும் வேட்டைக்குப் பழக்கத் தொடங்கலாம். அப்போது நீண்ட கயிற்றில் பிடித்து, அனுபவமுள்ள நாய்களின் பின்னே நடத்திச் செல்ல வேண்டும். உணவை வளர்ப்பவனே தன் கையால் கொடுக்க வேண்டும் என்றும் அந்நூல் கூறுகிறது. பசித்த நாய்க்குத் தன் பசிக்கு யார் காரணம் என்று தெரியாது. ஆனால் கொடுத்தவனை அது நேசிக்கும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். இக்கூற்றை நினைவில் வைத்துக்கொண்டு ருஷ்யாவுக்குச் செல்வோம்.

செரிமான ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற இவான் பாவ்லோவின் ஆய்வுக்கூடத்தில், நாய்களைத் தோல்வார்களால் ஒரு மரத் தாங்கியில் நிறுத்திவைத்தே சோதனைகள் நடத்தினர். பெரும்பாலான நாய்கள் அதற்குப் பழகின. ஒரு நாய் மட்டும் பழக மறுத்தது. வாரைக் கடித்தது, திமிறியது, மூச்சு வாங்கியது. வாரங்கள் கடந்தும் அடங்கவில்லை. ஜார் மன்னர் முடி துறந்த அதே 1917ஆம் ஆண்டில், பாவ்லோவும் அவருடைய உடனாய்வாளர் குபெர்கிரிட்ஸும் இந்நாயைப் பற்றி ஓர் அறிக்கை அளித்தனர். அதன் நடத்தைக்கு அவர்கள் இட்ட பெயர் 'விடுதலை அனிச்சை' என்பதாகும். அதை அடக்கியது எவ்வாறு? உணவு முழுவதையும் தாங்கியில் வைத்து மட்டுமே கொடுத்தனர். நாய் முதலில் சரியாக உண்ணாமல் மெலிந்தது. பின்னர் சிறிது சிறிதாக உண்ணத் தொடங்கியது. மாதங்கள் சென்றபின் வாருக்குள் அமைதியாக நின்றது.

பாவ்லோவ் இத்துடன் நிற்கவில்லை என்பதே வியப்பு. விடுதலை அனிச்சையைப் போலவே அடிமை அனிச்சையும் உண்டு என்று கூறி, அதற்குச் சான்றாக ஓர் இலக்கியப் படைப்பை எடுத்துக்காட்டினார். 'செம்மணி வளையல்' வழியாகத் தமிழ் வாசகர்களுக்கும் அறிமுகமான குப்ரின் எழுதிய, 'வாழ்க்கை ஆறு' எனப் பொருள்படும் தலைப்புடைய கதை அது. தோழர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டுத் தன்னை மாய்த்துக்கொள்ளும் மாணவன் ஒருவனைப் பற்றியது. நாயின் வாரிலிருந்து மனிதனின் பணிவுக்கு அவர் சென்ற தூரம் நமக்கும் புதியதன்று. சோழனின் சிறையில் இருந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை, சங்கிலியால் பிணிக்கப்பட்ட நாயோடு தன் நிலையை ஒப்பிட்டது புறநானூற்றின் 74ஆம் பாடலில் உள்ளது.

கட்டுண்ட நாய் என்றதும் அடிமையையே நினைப்பது இருமொழிக்கும் பொதுவாக இருப்பின், குட்டிக்கு வார் பூட்டும் ஒவ்வொருவரும் சிறைக்காவலர்தாமா? இக்கேள்விக்கு 20ஆம் நூற்றாண்டு இரு திசைகளிலிருந்து விடையளித்தது எனலாம்.

முதலாவது ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. அமெரிக்காவில் ஸ்காட், புல்லர் ஆகிய இருவரும் ஐந்து இன நாய்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1965இல் நூலாக வெளியிட்டனர். குட்டிகளைக் கயிற்றில் நடத்திப் பார்ப்பதும் அவர்களுடைய சோதனைகளுள் ஒன்று. பசென்ஜி இனக் குட்டிகள் கயிற்றோடு போராடின; பீகிள் குட்டிகள் குரலெழுப்பின. எதிர்ப்பு என்பது எல்லாக் குட்டிகளுக்கும் ஒரே வகையானதன்று என்பது புலப்பட்டது. பிறந்து மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழ பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலமே குட்டி உலகத்தை அச்சமின்றி ஏற்கப் பழகும் பருவம் என்பதும் அவர்களது ஆய்வின் முக்கியமான முடிவாகும்.

இரண்டாவது விடை போர்க்களத்திலிருந்து வந்தது. முதல் உலகப்போரில் பார்வையிழந்த வீரர்களுக்காக, ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் 1916இல் வழிகாட்டி நாய்ப் பள்ளி தொடங்கப்பட்டது. ஜெர்மனியில் தாம் கண்ட இம்முயற்சியைப் பற்றி டாரதி ஹாரிசன் யூஸ்டிஸ் 1927இல் எழுதிய கட்டுரையின் பயனாக, மோரிஸ் பிராங்க் என்னும் அமெரிக்க இளைஞர் மறு ஆண்டில் சுவிட்சர்லாந்துக்குச் சென்று, பட்டி என்னும் நாயோடு திரும்பினார். வழிகாட்டி நாயின் மார்புவாரில் விறைப்பான ஒரு கைப்பிடி உண்டு. அதன் வழியே நாயின் அசைவு மனிதனின் கைக்குச் செல்கிறது. நாய் முன்னே செல்ல, மனிதன் பின்தொடர்கிறான். வாகனம் வரும்போது 'போ' என்று கட்டளையிட்டாலும் நகராமல் நிற்க அந்நாய்க்குக் கற்பிக்கப்படுகிறது. வாரணிந்தும் மறுக்கும் உரிமையுள்ள விலங்கு அது.

இன்று சிறு குட்டிகளைப் பழக்குவோர் கையாளும் முறை இவ்வரலாற்றின் தொடர்ச்சியே. முதலில் மார்புவாரைத் தரையில் வைத்து முகர விடுகின்றனர். அருகே வந்தால் ஒரு துண்டு உணவு. தலையை நுழைத்தால் இன்னொன்று. சில நிமிடங்கள் அணிவித்துக் கழற்றுகின்றனர். பின்னர் இலேசான கயிற்றை, உடனிருந்து கவனித்தபடியே, இழுத்துக்கொண்டு திரிய விடுகின்றனர். இறுதியில்தான் கயிறு கைக்கு வருகிறது. அப்போதும் அது தொய்வாகவே இருக்கும். சிறிய இனங்களின் மூச்சுக்குழாய் மென்மையானது என்பதால், இழுவிசை கழுத்தில் விழாத மார்புவாரே அவற்றுக்கு ஏற்றது.

பாவ்லோவும் உணவையே கொடுத்தார், இவர்களும் உணவையே கொடுக்கின்றனர் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அந்த ஆய்வுக்கூட நாய்க்கு வேறிடத்தில் உணவில்லை. இந்தக் குட்டியோ வாரை வேண்டாமென்று விலகிச் சென்றாலும், மாலையில் அதன் கிண்ணம் நிறைந்திருக்கும்; நாளை மீண்டும் முயன்று பார்ப்பார்கள். செனபோன் நூல் சொல்லும் நன்றியுணர்வுக்கும் பசியால் விளையும் பணிவுக்கும் இடையிலான எல்லைக்கோடு இங்கேதான் இருப்பதாக நாங்கள் கருதுகிறோம். விலகிச் செல்ல இடம் கொடுத்த பின்னரும் திரும்பி வந்து வாருக்குள் தலையை நுழைக்கும் குட்டியை அடிமை என்று அழைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.