கடலில்லா ஊரின் கடற்படை வானோடிகள்

திருத்தணிக்கு அருகே, சென்னையிலிருந்து வரும் இருப்புப்பாதை திருப்பதிப் பக்கமும் காட்பாடிப் பக்கமும் பிரியும் சந்திப்பாக வளர்ந்த அரக்கோணம், கடற்கரையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் உள்ளே தள்ளி அமைந்த ஊர். அங்கிருந்த இரண்டாம் உலகப் போர்க்கால விமானத்தளம் புதுப்பிக்கப்பட்டு, 1992 மார்ச் 11 அன்று குடியரசுத் தலைவர் ஆர். வெங்கடராமனால் ‘ஐ.என்.எஸ். ராஜாளி’ என்னும் கடற்படை விமானத்தளமாகத் தொடங்கிவைக்கப்பட்டது. கடற்படை வானோடியின் குடும்ப வாழ்க்கை எவ்வாறு மாறியது என்பதற்கு இந்த உள்நாட்டுத் தளத்தைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

முதல் தலைமுறை வானோடிகளுக்கு வீடு கரையிலும் பணி கப்பலிலுமாகப் பிரிந்திருந்தன. 1953இல் கொச்சியில் முதல் கடற்படை விமானத்தளமான ஐ.என்.எஸ். கருடா தொடங்கப்பட்டது. 1960இல் பிரிட்டனில் சீ ஹாக் ஜெட் விமானங்களுடன் உருவான 300ஆம் ஸ்குவாட்ரன், அதாவது பறக்கும் அணி, அடுத்த ஆண்டு விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தில் சேர்ந்தது. 1961 மே 18 அன்று அக்கப்பலில் ஜெட் விமானத்தை இறக்கிய முதல் இந்தியர் ஆர்.எச். தஹிலியானி. சுமார் 213 மீட்டர் நீளமே உள்ள கப்பல் அலையில் அசைந்துகொண்டிருக்க, விமானத்தின் வாலடிக் கொக்கி தளத்தின் குறுக்கே கட்டப்பட்ட கம்பிவடங்களுள் ஒன்றைப் பற்றினால்தான் விமானம் நிற்கும். பற்றாவிட்டால் அக்கணமே மீண்டும் மேலெழ வேண்டும். இத்தகைய பணியில் தொடங்கிய தஹிலியானி 1984 முதல் 1987 வரை கடற்படைத் தலைமைத் தளபதியாக விளங்கினார். ஆயினும் கப்பல் புறப்பட்டுவிட்டால் மனைவி மக்கள் கடிதத்தையே நம்பி வாரக்கணக்கில் காத்திருந்தனர் என்பது, 1971 டிசம்பர் இந்திய-பாகிஸ்தான் போரில் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கிய விக்ராந்தின் வீரத்தைப் பேசுவோர் பெரும்பாலும் விட்டுவிடும் செய்தி.

தரையிலிருந்தே நெடுந்தொலைவு பறக்கும் கண்காணிப்பு விமானங்கள் இந்நிலையை மாற்றின. 1988இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து கோவாவுக்கு வந்த டி.யு-142 விமானங்கள் 1992இல் அரக்கோணத்துக்கு இடம் மாறின. 4 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அதன் ஓடுபாதை, எரிபொருள் நிரம்பிய அந்தப் பெருவிமானங்களுக்குப் பொருந்தியது. விமானத்தை ஓட்டுபவர் ஒருவர். ரேடார் கருவியையும், நீர்மூழ்கியின் ஓசையைக் கேட்கக் கடலில் போடப்படும் ஒலிமிதவைகளையும் கொண்டு தேடலை நடத்தும் ‘அப்சர்வர்’ என்னும் அதிகாரி வேறொருவர். மணிக்கணக்கில் வங்கக் கடலுக்கு மேல் அலைந்துவிட்டு, புறப்பட்ட தளத்துக்கே அவர்கள் திரும்பினர். தளத்துக்குள்ளேயே குடியிருப்பும் கேந்திரிய வித்யாலயாவும் இருந்தமையால், கப்பற்பணியில் வாய்க்காத அன்றாடக் குடும்ப வாழ்க்கை இங்கே ஓரளவேனும் வாய்த்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் இடமாற்றம் மட்டும் ஓயவில்லை. கொச்சி, கோவா, விசாகப்பட்டினம், அரக்கோணம் எனப் பிள்ளைகள் பள்ளியையும், பல வேளைகளில் சுற்றுப்புற மொழியையும் மாற்றிக்கொண்டே வளர்ந்தனர். அந்தச் சுமையைப் பெரிதும் தாங்கியவர்கள் தாய்மாரே.

2013 முதல் அமெரிக்காவிலிருந்து வந்த பி-8ஐ விமானங்கள் பணியை ஏற்க, டி.யு-142 விமானங்கள் 2017 மார்ச் 29 அன்று ராஜாளியில் விடைபெற்றன. அவற்றுள் ஒன்று இன்று விசாகப்பட்டினக் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது.

கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளியும் இத்தளத்திலேயே இயங்குகிறது. 2024 ஜூனில் அங்கே பயிற்சி முடித்த அனாமிகா பி. ராஜீவ், இந்தியக் கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் வானோடியானார். வானோடி என்றால் கணவர், காத்திருப்பவர் என்றால் மனைவி என்று அரை நூற்றாண்டுக்கும் மேலாக நிலவிய ஏற்பாடு, இனி அவ்வாறே தொடர இயலாது.