ரிக்கார்டு டான்சும் கீழத்தெருவும்

கொடைக்கு ஆடுற ஆட்டங்களில் வில்லுப்பாட்டுக்கு ஆய்வேடு இருக்கு, கணியான் கூத்துக்கு இருக்கு. ரிக்கார்டு டான்ஸ் என்றால் போலீஸ் வழக்குதான் ஞாபகம் வரும். கிராமபோன் தட்டைச் சுழலவிட்டு ஆடியதால் வந்த பேர். மேளக்காரர் கூலியும் பாட்டுக்காரர் கூலியும் மிச்சம். தட்டு போய் கேசட் வந்தது, பென்டிரைவ் வந்தது, பேர் ஒட்டிக்கிட்டது. நோட்டீசில் மட்டும் மரியாதையாக 'ஆடல் பாடல் நிகழ்ச்சி'.

எங்க சுந்தரபாண்டியபுரம் சினிமாக்காரர்களுக்குப் பிடித்த ஊர். 'ரோஜா' (1992) இந்த வயக்காட்டில் எடுத்தார்கள். 'அந்நியன்' (2005) பாட்டுக்குச் சாயமடித்த பாறையைப் பார்க்க இன்றைக்கும் கூட்டம் வருது. வயக்காடு படமாகி நகரத்துக்குப் போச்சு. படத்தின் பாட்டு ரிக்கார்டு டான்சாக ஊருக்குத் திரும்பி வந்தது. நடுவை நட்டவள் இரண்டிலும் இல்லை.

ரோஜாவுக்கு அடுத்த வருஷம், பக்கத்து ஊர்க் கொடைக்கு ஏழெட்டுப் பேர் சைக்கிளில் போனோம். "எல்லாத்தையும் அவுத்துப் போட்டுருவாளுவ" என்று சொல்லித்தான் கூட்டிப்போனான் ஒருத்தன். மேடைக்கு முன்னால் ஊர்க்காரர்கள். கயிறு கட்டி, அதுக்குப் பின்னால் நாங்க. பன்னிரண்டு மணிக்குத்தான் ஆட்டம் தொடங்கிச்சு. கழுத்திலிருந்து கணுக்கால்வரை தோல் நிறத் துணி. அவுக்கவும் இல்லை, ஒண்ணும் இல்லை. ரெண்டு தடவை ஜெனரேட்டர் நின்னுது. பெரிய தலைக்கட்டுகள் மேடையேறி ஜாக்கெட்டில் ஊக்கு வைத்து ரூபாய் குத்தினார்கள். எங்க ஆள் ஒருத்தனும் பத்து ரூபாயோடு போனான். "ஏலே, ஒனக்கும் இது கேக்குதோ" என்று படியிலேயே தள்ளினார்கள். ரெண்டு மணிக்கு போலீஸ் ஜீப், ஆட்டம் முடிஞ்சுது. "ஏமாத்திட்டாளுவ" என்று கூட்டம் ஏசினது ஆடினவர்களைத்தான், கமிட்டியை இல்லை.

சைக்கிளை எடுக்க மேடைக்குப் பின்னால் போனால், ரெண்டு பெண்கள் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. தண்ணி கேட்டாங்க. நாங்க தயங்கி, "கீழத்தெருக்கா நாங்க" என்றோம். "நாங்க மட்டும் எந்தத் தெருவாம்? குடுங்கடா தம்பி" என்று ஒரு அக்கா பாட்டிலை வாங்கிக் குடிச்சாங்க. மாரில் நோட்டுக் குத்துறவன் வீட்டில் அவங்களுக்குச் செம்பு எடுத்துக்கொடுக்க மாட்டான். தீட்டு எந்த நேரத்தில் விலகும், எந்த நேரத்தில் வந்து ஒட்டும் என்று அவனுக்கு நல்லாத் தெரியும்.

சட்டம் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பொது இடத்தில் ஆபாசம் என்றால் இந்தியத் தண்டனைச் சட்டம் 294, மூன்று மாதம்வரை சிறை. 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் அது 296. போலீஸ் அனுமதி மறுக்கும், ஊர்க்காரர்கள் மதுரைக் கிளைக்குப் போவார்கள், நீதிமன்றம் நிபந்தனை போட்டு அனுமதிக்கும்: ஆபாசம் கூடாது, சாதி, கட்சி, தலைவர் பற்றிய பாட்டு கூடாது. அந்தப் பட்டியலில் அம்பேத்கர் பாட்டும் அடங்கிப்போகும். (கயிறு கூடாது என்று ஒரு நிபந்தனை நான் படித்ததில்லை.)

2023இல் குறவன் குறத்தி ஆட்டத்துக்குத் தடை வந்தது. ஒரு சமூகத்தின் பேரை மாட்டி ஆபாசம் விற்றதை அந்தச் சமூகத்தார் எதிர்த்தது முழுக்க நியாயம். ஆனால் அதை ஆடிப் பிழைத்த பெண்ணுக்கு அடுத்த வேலை என்ன என்பது தனிக் கேள்வி. மகாராஷ்டிரத்தில் 2005இல் மதுக்கூட நடனத்தைத் தடை செய்தபோது ஆடின பெண்களே சங்கம் கட்டி வழக்காடினார்கள். 2013இல் உச்சநீதிமன்றம் அவர்கள் பிழைப்புரிமையை ஏற்றுத் தடை செல்லாது என்றது. நம்ம பக்கம் ஆடுறவங்க புரோக்கரிடம் முன்பணம் வாங்கி, ஒரு ராத்திரிக்கு ஒரு ஊர் என்று வேனில் போறவங்க. சங்கம் கட்ட முதலில் அந்த வேனிலிருந்து இறங்கணும்.