மிளகுச் சிமிழும் செப்புக் காசும்

யவனர் தம் மரக்கலங்களில் பொன்னைக் கொணர்ந்து, முசிறியில் மிளகை ஏற்றிச் சென்ற செய்தியை எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் அகநானூற்றின் 149ஆம் பாடலில் பதிந்து வைத்திருக்கிறார். அம்மிளகு கடல் கடந்து எவர் வீட்டுப் பந்திக்குச் சென்றது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அத்தகைய வீடொன்றின் உடைமைகள், 1992 நவம்பர் 16ஆம் நாள், இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஹாக்ஸன் என்னும் சிற்றூரின் வயலில் வெளிப்பட்டன.

தேடப்பட்டது புதையல் அன்று, ஒரு சுத்தியல்! உழவர் ஒருவர் அதனை வயலில் தொலைத்துவிட்டு, மெட்டல் டிடெக்டர் வைத்திருந்த நண்பரை உதவிக்கு அழைத்தார். நண்பர் ஓய்வு பெற்ற தோட்டக்காரர். அக்கருவியின் கம்பிச்சுருளில் மாறுமின்னோட்டம் பாய்வதால் காந்தப்புலம் எழுகிறது. அது மண்ணிலுள்ள உலோகத்தில் சிறு மின்னோட்டத்தைத் தூண்ட, கருவி அதனை உணர்ந்து ஒலிக்கிறது. 1881-இல் சுடப்பட்ட அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலில் தங்கிய குண்டைத் தேட, கிரகாம் பெல் இவ்வகைக் கருவி ஒன்றை அமைத்துப் பார்த்தார், குண்டு அகப்படவில்லை. இரண்டாம் உலகப் போரில் கண்ணிவெடிகளைத் தேட இவ்வகைக் கருவி பெரிதும் பயன்பட்டது. உலோகம் உண்டு என்று மட்டுமே அது சொல்லும். எக்காலத்தது, எதனோடு கிடந்தது என்று சொல்லாது.

ஹாக்ஸனில் ஒலி கேட்ட இடத்தைத் தோண்டியபோது காசுகளும் வெள்ளிக் கரண்டிகளும் வந்தன. ஓரளவு எடுத்ததும் தோண்டுவதை நிறுத்தி, உரியவர்களுக்குச் சொல்லியனுப்பினர். நம் கருத்தில், புதையலினும் அரிய செயல் இதுவே. மறுநாள் தொல்லியலார் வந்து மண்ணை முறையாக நீக்கியதனாலன்றோ, செல்வமெல்லாம் ஒரு மரப்பேழைக்குள், சிறு பெட்டிகளில் வகைபிரித்து அடுக்கப்பட்டிருந்தது என்பது தெரியவந்தது! ஏறத்தாழ 15,000 காசுகள். அவற்றுள் 569 பொன், எஞ்சியவை பெரும்பாலும் வெள்ளி. காசுகளின் காலத்தைக் கொண்டு, கி.பி. 407-க்குப் பின்னர் புதைக்கப்பட்டது என்று கணித்தனர். பிரிட்டனில் உரோமானிய ஆட்சி குலைந்துகொண்டிருந்த வேளை அது.

அப்பேழையில் நான்கு மிளகுச் சிமிழ்கள் இருந்தன. ஒன்று, அணிமணி பூண்ட பெருமாட்டியின் வடிவில் வெள்ளியாற் செய்து பொன்முலாம் பூசியது. அதன் அடித்தட்டைத் திருப்பினால் ஒரு நிலையில் மூடும். ஒரு நிலையில் மிளகை நிரப்பலாம். மற்றொரு நிலையில் தூவலாம். சங்க காலத்திற்குச் சில நூற்றாண்டுகள் பிற்பட்டதாயினும், உள்ளே இருந்திருக்கக்கூடியது நம் மேற்குமலைச் சரக்கே. கி.பி. 408-இல் உரோமை முற்றுகையிட்ட அலாரிக், பொன் வெள்ளியோடு 3,000 இராத்தல் மிளகும் கேட்டான் என்பர். சிமிழ் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. பின்னர் அகப்பட்ட சுத்தியலையும் அங்கேயே சேர்த்துவிட்டனர்!

மிளகுக்கு ஈடாக வந்த பொன்னின் கதை வேறு. புதுக்கோட்டையில் 1898-இல் வெளிப்பட்ட 501 உரோமானியப் பொற்காசுகளுள் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகம் உளியால் வெட்டப்பட்டுள்ளது. ஏன் வெட்டினர் என்பது குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அக்காசுகளுள் பலவும் அதே அருங்காட்சியகத்தைத்தான் சென்றடைந்தன. கரூரில் அமராவதி ஆற்று மணலிலும் சேரர் காசும் உரோமானியக் காசும் கிடைத்துள்ளன. ஆறு புரட்டிய மணலில் மண்ணடுக்குச் சான்று ஏது? பொறித்த எழுத்தும் சின்னமுமே ஆய்வாளருக்குத் துணை.

ஹாக்ஸன் புதையலுக்கு 17,50,000 பவுன் மதிப்பிட்டுக் கண்டெடுத்தவருக்கு வழங்கினர். அவர் உழவருடன் பகிர்ந்துகொண்டார். நம் நாட்டிலோ 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் அறிவித்தல் வேண்டும். அரசு அதனைக் கையகப்படுத்த விரும்பின், உலோகத்தின் விலையோடு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுத்தால் போதும். கோப்புகளோடு வாழும் நமக்கு இக்கணக்கு வியப்பளிக்கவில்லை. ஆனால் கிணறு வெட்டும்போது காசு கண்ட ஓர் உழவர் என்ன நினைப்பார்? மீன் சின்னம் பொறித்த பாண்டியர் செப்புக் காசின் எடை சில கிராமே. செம்பின் விலையும் ஐந்தில் ஒரு பங்கும் சேர்ந்தாலும் அவர் ஆட்சியர் அலுவலகம் சென்று திரும்பும் பேருந்துக் கட்டணம் தேறாது. பாத்திரக் கடைக்காரரோ, ஒன்றும் கேளாமல் அன்றே எடைபோட்டு வாங்கிக்கொள்வார்.