வீட்டு ஒலியமைப்பில் சப்வூஃபர்

சப்வூஃபர் என்பது மிகத் தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளை மட்டும் எழுப்பும் ஒலிபெருக்கி ஆகும். இதை வீடுகளில் பரவச் செய்ததில் திரைப்படத்தின் பங்கு பெரிது. 1974 இல் ‘எர்த்குவேக்’ என்ற ஆங்கிலப் படத்திற்காகத் திரையரங்குகளில் பெரிய தாழ்சுரப் பெட்டிகள் வைக்கப்பட்டன. நிலநடுக்கக் காட்சியில் இருக்கைகளே அதிர்ந்தன. 1992 இல் வந்த டால்பி டிஜிட்டல், ஐந்து முழுத் தடங்களோடு தாழ்சுரத்திற்கெனத் தனித் தடமும் தந்தது. 5.1 என்பதிலுள்ள ‘.1’ அதுவே. தமிழில் ‘குருதிப்புனல்’ (1995) டால்பி ஸ்டீரியோவிலும் ‘கருப்பு ரோஜா’ (1996) டி.டி.எஸ். ஒலியிலும் வெளிவந்தன.

வீட்டில் சிக்கல் வேறு. 80 ஹெர்ட்சு ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 4.3 மீட்டர், நம் வீட்டுக் கூடத்தின் நீளமும் அவ்வளவுதான். சுவரில் பட்டுத் திரும்பும் அலைகள் ஓரிடத்தில் கூடி முழங்கும், வேறோரிடத்தில் ஒன்றையொன்று அழிக்கும். டி.எச்.எக்ஸ். தரம் 80 ஹெர்ட்சைப் பிரிப்பு எல்லையாகக் கொண்டது. அதற்குக் கீழே ஒலி வரும் திசையைக் காது எளிதில் அறியாது. அதனால் பெட்டியை எங்கும் வைக்கலாம் என்று பலர் எண்ணுகின்றனர். மூலையில் தள்ளி ஒலியையும் கூட்டிவிட்டால் மிருதங்கத்தின் தொப்பி வெறும் இரைச்சலாகிவிடும்.

சப்வூஃபரை நாம் அமரும் இடத்தில் வைத்து இசைக்கவிட்டு, அறையைச் சுற்றி வந்து, தாழ்சுரம் சீராகக் கேட்கும் இடத்திற்கு அதை மாற்றுவது பழைய முறை. பிறகு கட்ட விசையை 0, 180 பாகைகளில் மாற்றிக் கேட்க வேண்டும். பிரிப்பு எல்லையருகே முதன்மை ஒலிபெருக்கிகளோடு சேர்ந்து எந்த நிலையில் ஒலி நிறைவாக உள்ளதோ, அதுவே சரியானது.