துருவின் மேல் விழுந்த பழி

பழைய சைக்கிளின் போர்க் முறிந்தாலும் பிரேம் விட்டுப்போனாலும் துருப்பிடித்து உடைந்தது என்று சொல்லிவிடுகிறோம். சைக்கிள் தொழிலின் வரலாற்றைப் பார்த்தால் அந்தப் பழியில் பாதிகூடத் துருவைச் சேராது. 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் சைக்கிள் வந்த பிறகு, மெல்லிய எஃகுக் குழாய்களை மூட்டிச் செய்வதே பிரேம் என்றாயிற்று. லக் எனப்படும் மூட்டுக்குள் குழாயைச் செருகி, வெங்காரம் தூவி, பித்தளையை உருக்கி ஓடவிடுவார்கள். அதற்கு ஏறத்தாழ 900 டிகிரி சூடு வேண்டும். இழுத்து உரமேற்றிய குழாய் அந்தச் சூட்டில் லக்கின் விளிம்பை ஒட்டி இளகி, வலுவில் ஒரு பகுதியை இழந்துவிடும். வண்டி குலுங்கும்போது விசை வந்து குவிவதும் அதே விளிம்பில்தான். ஆகவே ஒரு பொட்டுத் துரு இல்லாத பிரேமிலும் விரிசலுக்கான இடம் பட்டறையிலேயே குறிக்கப்பட்டுவிடுகிறது. தயாரிப்பாளர்களுக்கு இது தெரியும்; குழாய்க்குள் இன்னொரு துண்டுக் குழாயைச் செருகிச் சமாளித்தார்கள். பர்மிங்ஹாமில் ஆணி செய்துவந்த ரெனால்ட்ஸ் குடும்பம் 1897இல் காப்புரிமை பெற்றது இதற்கு ஒரு தீர்வுக்குத்தான்: வெளி விட்டம் மாறாமல், முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும் குழாய். எடை குறைக்கும் உத்தி என்றே இன்று இதைப் பேசுகிறார்கள். மூட்டைக் காப்பாற்றும் உத்தியும் அதுவே.

அப்படியானால் துரு நிரபராதியா? இல்லை, அதன் குற்றம் வேறு. ரயில் அச்சுகள் ஏன் முறிகின்றன என்று 19ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர், ஒரே தடவையில் எளிதாகத் தாங்கும் சுமையே லட்சக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப விழுந்தால் இரும்பை முறித்துவிடும் என்று காட்டினார். எஃகுக்கு இதில் ஒரு வரமும் உண்டு. குலுக்கல் ஓர் அளவுக்குக் கீழே இருந்தால், எத்தனை தடவை குலுங்கினாலும் அது சோர்வதில்லை. துரு அந்த வரத்தைத்தான் பறிக்கிறது. அரித்த இடத்தில் ஊசிமுனைக் குழிகள் விழுகின்றன. ஒவ்வொரு குழியும் விரிசலுக்கு வாசல். போர்க்கின் தண்டு அதன் தலைப்பகுதியைச் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அங்கே வளைவு விசை ஏறி இறங்குகிறது. முன்சக்கரம் வாரியிறைக்கும் நீர் அங்கேதான் ஏறுகிறது. தண்டோ பிரேமின் தலைக்குழாய்க்குள் மறைந்திருக்கிறது. பிரேம் விட்டால் பெரும்பாலும் கிறீச்சிட்டோ பெயின்ட் வெடித்தோ முன்கூட்டிக் காட்டிக்கொடுக்கும். போர்க் தண்டு அப்படிச் சொல்லிக்கொண்டு முறிவதில்லை.

கடலோரத்தில் துருவே பிரேமைத் தின்று ஓட்டை போடுவதில்லையா என்று கேட்கலாம். போடுகிறது. சீட் கம்பி வழியாக இறங்கும் மழைநீர் பெடல் அச்சுக் கூட்டில் தேங்கும். குழாயின் உட்புறத்தில் பெரும்பாலும் பெயின்ட் ஏறியிருக்காது. ஆனால் எந்தக் குழாய் என்பதைப் பொறுத்தது இது. 1935இல் வந்த ரெனால்ட்ஸ் 531 போன்ற பந்தயக் குழாயின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அதில் கால் மில்லிமீட்டர் போனால் கிட்டத்தட்டப் பாதி போயிற்று. மூட்டை சுமக்கும், தடித்த குழாய் கொண்ட ரோட்ஸ்டர் வண்டியில் அதே இழப்பு பெரிதாக உறைக்காது.

தாத்தா காலத்து ஹெர்குலிஸ் இன்னும் ஓடுகிறதே, அந்தக் கால எஃகே தனி என்பது இன்னொரு வாதம். அந்த வண்டிகள் நிலைத்தது எஃகின் மேன்மையால் அல்ல, தடிமனால். நல்ல எஃகு எந்த வீட்டில் இருந்தது என்பதைப் பார்த்தாலே போதும். முருகப்பா குழுமத்தோடு சேர்ந்து 1949இல் சென்னையில், ஹெர்குலிஸைச் செய்த டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கிய பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்தான் அன்று ரெனால்ட்ஸுக்கும் உரிமையாளராக இருந்தது. உயர்ந்த கலவை எஃகு அதே வீட்டில் இருந்தும், அரிசி மூட்டையும் பால் கேனும் ஏற்றும் வண்டிக்குச் சாதாரண எஃகின் தடித்த குழாயே போதுமானதாக இருந்தது. மேலும், நாம் பார்ப்பவை தப்பிப் பிழைத்தவை மட்டுமே. முறிந்தவை எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டன. இன்றைய சோதனைகளும் முழுக் கதையைச் சொல்வதில்லை. சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 4210 பிரேமைப் பெடல் விசையில் 1,00,000 சுற்றுகள் சோதிக்கச் சொல்கிறது. சோதனைக்கு ஏறுவது நான்கு மழைக்காலம் கண்ட பிரேம் அல்ல, ஆலையிலிருந்து வந்த உலர்ந்த புதுப் பிரேம்.