பள்ளிக்கூடத்தின் சாவி யாரிடம்? 1960 பாடசாலைச் சுவீகரிப்பும் பெற்றோரும்

வரலாற்றுப் பாடத்தில் சில விடயங்கள் ஒரே வரியில் முடிந்துவிடும். "1960இல் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளை அரசாங்கம் சுவீகரித்தது" என்பதும் அப்படி ஒரு வரிதான். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அந்த வருடக் கடைசியில் இலங்கையின் பல ஊர்களில் தாய்மாரும் தகப்பன்மாரும் தங்கள் பிள்ளைகளின் பாடசாலைக்குள் புகுந்து, இரவு பகலாக அங்கேயே தங்கியிருந்தார்கள். "எங்களைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும்" என்பது அவர்கள் நிலைப்பாடு. இன்னொரு பக்கம், வேறு பெற்றோர் பலர் "இத்தனை வருடம் கழித்தாவது நியாயம் கிடைத்தது" என்று மூச்சு விட்டார்கள்.

இரண்டு பேருமே தங்கள் பிள்ளைக்காகத்தான் யோசித்தார்கள். அதனால்தான் இந்தக் கதை எனக்கு முக்கியமாகப் படுகிறது.

யார் கட்டிய பாடசாலைகள்?

கொஞ்சம் பின்னால் போவோம். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அரசாங்கம் பள்ளிக்கூடம் கட்டுவதில் பெரிய அக்கறை காட்டவில்லை. அந்த இடத்தை மிஷனரிமார் நிரப்பினார்கள். யாழ்ப்பாணத்துக்கு அமெரிக்க மிஷன் வந்தது 1816இல். வட்டுக்கோட்டைச் செமினரி 1823இலும், உடுவில் மகளிர் பாடசாலை 1824இலும் தொடங்கின. சர்ச் மிஷன், வெஸ்லியன் மிஷன், கத்தோலிக்க சபைகள் என்று ஒவ்வொன்றும் ஊர் ஊராகப் பாடசாலை வைத்தன.

இதற்குப் பதிலாகத்தான் ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். தெற்கில் 1880இல் பௌத்த பிரம்மஞான சங்கம் உருவாகி, பௌத்தப் பாடசாலைகள் பெருகின. 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் வந்து வடக்கின் கிராமங்களில் ஏராளமான சைவப் பாடசாலைகளை நடத்தியது. ஆக, "தனியார் பாடசாலை" என்றால் கிறிஸ்தவப் பாடசாலை மட்டும் என்று நினைக்க வேண்டாம். எல்லாச் சமயத்தவரும் இந்த ஏற்பாட்டுக்குள் இருந்தார்கள். ஆனால் மக்கள் தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான கிறிஸ்தவர்களிடம்தான் பெயர்பெற்ற பாடசாலைகளில் பெரும்பகுதி இருந்தது. பிரச்சினையின் வேர் இங்கேதான்.

சம்பளம் அரசாங்கத்தினுடையது, சாவி முகாமையாளருடையது

1945 ஒக்டோபரில் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. திட்டத்துக்குள் வந்த பாடசாலைகள் பிள்ளைகளிடம் கல்விக் கட்டணம் வாங்கக்கூடாது. ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கும். சில பெரிய பாடசாலைகள் மட்டும் "உங்கள் காசும் வேண்டாம், கட்டுப்பாடும் வேண்டாம்" என்று கட்டணம் வாங்கிக்கொண்டே வெளியில் நின்றன.

பெற்றோருக்கு இது பெரிய வரம். ஆனால் ஒரு முரண்பாடும் இதில் பிறந்தது. செலவில் பெரும்பகுதி பொதுப் பணம். ஆசிரியரை நியமிப்பதும், அதிபரைத் தீர்மானிப்பதும், யாருக்கு இடம் கொடுப்பது என்று பார்ப்பதும் சமய நிறுவனத்தின் முகாமையாளர். வேலைக்காக மதம் மாறவேண்டியிருக்கிறது என்பது ஆசிரியர்கள் மத்தியில் நீண்ட காலமாக இருந்த முறைப்பாடு. பௌத்த, சைவப் பெற்றோருக்கோ வேறு கவலை. ஊரில் இருக்கும் ஒரே நல்ல பாடசாலை மிஷன் பாடசாலை. அங்கே அனுப்பினால் பிள்ளை படிக்கும். ஆனால் எந்தச் சாமியைக் கும்பிடும்?

1956 தொடக்கத்தில் அகில இலங்கை பௌத்த காங்கிரஸ் அமைத்த விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிவந்தது. உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளை அரசாங்கமே எடுத்து நடத்தவேண்டும் என்பது அதன் முக்கிய பரிந்துரைகளில் ஒன்று. அதே வருடம் ஆட்சிக்கு வந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க இதில் கைவைக்கவில்லை. 1959இல் அவர் கொல்லப்பட்டார்.

1960

1960 ஜூலைத் தேர்தலில் வென்று சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதல் பெண் பிரதமரானார். கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத். சிறிமாவோ படித்தது கொழும்பில் கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய சென் பிரிட்ஜெட் கன்னியர் மடத்தில் என்பது இந்தக் கதையில் ஒரு சுவாரசியமான முடிச்சு.

ஆட்சிக்கு வந்த சில மாதங்களிலேயே 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. 1960 டிசெம்பர் 1 முதல் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளின் முகாமை அரசாங்கத்திடம் போனது. ஒரு விதிவிலக்கு இருந்தது. முதலாம், இரண்டாம் தரப் பாடசாலைகளின் உரிமையாளர் விரும்பினால் தனியார் பாடசாலையாகவே தொடரலாம். ஆனால் அரசாங்க உதவி கிடையாது. கல்விக் கட்டணமும் வாங்கக்கூடாது!

ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். காசு தரமாட்டோம், நீங்களும் வாங்கக்கூடாது, ஆனால் நடத்தலாம். நீந்தலாம், ஆனால் கையையும் காலையும் அசைக்கக்கூடாது என்பது போல.

மூன்றாம் தரப் பாடசாலைகளுக்கு, அதாவது கிராமத்துச் சின்னப் பாடசாலைகளுக்கு, அந்தத் தெரிவும் இல்லை. தெரிவு இருந்த இடத்திலும் அறிவிப்புக் கொடுக்கவேண்டியவர் பாடசாலையின் உரிமையாளர். பிள்ளையின் தகப்பனோ தாயோ அல்ல.

பாடசாலைக்குள் குடியிருந்தவர்கள்

ஒரு சாதாரணப் பெற்றோரின் இடத்தில் இருந்து பாருங்கள். தவணை முடியப் போகிறது. அடுத்த ஜனவரியில் பாடசாலை திறக்குமா? அதே அதிபர் இருப்பாரா? கன்னியர் போய்விடுவார்களா? சமய பாடம் நடக்குமா? தனியாராகத் தொடர்ந்தால் எத்தனை நாளைக்குத் தாக்குப்பிடிக்கும்? இடையில் மூடினால் பிள்ளையை எங்கே சேர்ப்பது?

மற்றவர்களைவிடக் கத்தோலிக்கர்களுக்கு இது கூடுதல் கனமாக இருந்தது. கத்தோலிக்கப் பிள்ளை கத்தோலிக்கப் பாடசாலையில்தான் படிக்கவேண்டும் என்பது அன்றைய திருச்சபையின் போதனை. அவர்கள் பாடசாலைகளை ஆக்கிரமித்தார்கள். முகாமை கைமாறலாம், ஆனால் கட்டடமும் நிலமும் இன்னும் திருச்சபையினுடையவை என்பது அவர்களுடைய வாதம். முதல் சட்டம் முகாமையைத்தான் எடுத்தது, சொத்தை எடுக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் பெற்றோர் போய் உட்கார்ந்தார்கள்.

அரசாங்கம் அந்த இடைவெளியை அடைக்க இரண்டாவது சட்டம் கொண்டுவந்தது. அதுதான் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம். இழப்பீடு இல்லாமல் சொத்தும் அரசாங்கத்துக்குப் போக இது வழி செய்தது. நிலைமை முற்றிக்கொண்டிருந்தபோது, 1961 ஜனவரியில் பம்பாயின் கர்தினால் வலேரியன் கிராசியஸ் கொழும்புக்கு வந்தார். பிரதமரோடும் ஆயர்களோடும் பேசினார். அதன் பிறகு ஆக்கிரமிப்புகள் கைவிடப்பட்டன. பெற்றோர் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். இரத்தக்களரி ஆகாமல் முடிந்தது பெரிய விடயம்தான். ஆனால் கவனியுங்கள்: பேசியவர்கள் பிரதமர், ஆயர்கள், கர்தினால். வாரக்கணக்கில் பாடசாலைத் தரையில் படுத்தவர்கள் அந்த மேசையில் இல்லை.

இதற்குச் சற்று முன்னால் கேரளத்திலும் இதே மாதிரி ஒன்று நடந்தது. ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அரசின் கல்விச் சட்டத்தை எதிர்த்துத் திருச்சபையும் மற்றவர்களும் 'விமோசன சமரம்' நடத்தினார்கள். 1959 ஜூலை 31இல் டில்லி அந்த ஆட்சியைக் கலைத்தது. கொழும்பு அரசாங்கத்துக்கு மேலே ஒரு டில்லி இல்லை. அதனால் இங்கே முடிவு வேறு.

ஆனால் கசப்பு போகவில்லை. 1962 ஜனவரியில் இராணுவ, பொலிஸ் அதிகாரிகள் சிலரின் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி தோற்றது. சம்பந்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். பாடசாலைச் சுவீகரிப்பும் அதற்கான காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது.

யாழ்ப்பாணத்தில்

வடக்கில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு முடிவெடுத்தது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி, வேம்படி மகளிர், பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி ஆகிய மெதடிஸ்த பாடசாலைகள் அரசாங்கத்திடம் போயின. சென் பற்றிக்ஸ், பரி. யோவான், சுண்டிக்குளி மகளிர், யாழ்ப்பாணக் கல்லூரி, உடுவில் மகளிர் ஆகியவை கட்டணமில்லாத தனியார் பாடசாலைகளாக நின்றன. சைவ வித்தியா விருத்திச் சங்கத்தின் கிராமப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்குப் போயின. தெற்கில் பௌத்தர்களின் பெருமையான ஆனந்தாக் கல்லூரியும் அப்படியே.

நின்ற பாடசாலைகள் எப்படித் தாக்குப்பிடித்தன? பழைய மாணவர்கள், நன்கொடை, சபையின் சொத்து வருமானம், 'வசதிக் கட்டணம்'. கத்தோலிக்கருக்கு இன்னொரு பலமும் இருந்தது. குருமாரும் அருட்சகோதரிகளும் குடும்பம் நடத்தும் சம்பளம் எதிர்பார்க்காமல் படிப்பிக்க முடிந்தது. சைவச் சங்கத்திடம் அப்படி ஒரு துறவிப் படை கிடையாது. ஆகவே யார் நின்றார்கள், யார் போனார்கள் என்பதைக் கொள்கை மட்டும் தீர்மானிக்கவில்லை. பணமும் ஆளும்தான் தீர்மானித்தன. 1977இல் ஆட்சி மாறிய பிறகு, இந்தப் பாடசாலைகள் பலவற்றுக்கு ஆசிரியர் சம்பளத்துக்கான அரசாங்க உதவி திரும்பக் கிடைத்தது.

கிடைத்ததும் போனதும்

நன்மையை மறைக்கக் கூடாது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாடசாலைகள் பொதுச் சொத்தாயின. சமயம் பார்த்து ஆசிரியர் நியமிக்கும் காலம் அவற்றில் முடிந்தது. பிள்ளைக்கு அவரவர் பெற்றோரின் சமயத்தையே படிப்பிக்கவேண்டும் என்ற முறை வந்தது. இன்றைக்கும் நாங்கள் அப்படித்தான் படிக்கிறோம். பிள்ளை எந்தச் சாமியைக் கும்பிடும் என்று பயந்த பெற்றோருக்கு இது உண்மையான விடுதலை.

போனது என்ன? முதலாவது, ஊருக்குச் சொந்தம் என்ற உணர்வு. முகாமையாளர் பிடிக்காவிட்டால் கோயிலடியிலோ தேவாலய வாசலிலோ மறித்துக் கேட்கலாம். திணைக்களத்தை எங்கே மறிப்பது? இரண்டாவது, பெயர்பெற்ற பாடசாலைகள் அரசாங்கத்தினுடையவை ஆனதும், அங்கே இடம் பிடிக்கும் ஓட்டம் நாடு முழுவதற்கும் பொதுவானது. முதலாம் வகுப்புக்காகப் பாடசாலைக்குப் பக்கத்தில் வீடு தேடுவதும், ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலுக்குப் பிள்ளைகளை வதைப்பதும் இந்த ஓட்டத்தின் கிளைகள்தான்.

மூன்றாவதுதான் வேடிக்கை. 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்க 1961 சட்டம் தடை போட்டது. ஆனால் 1977க்குப் பிறகு 'சர்வதேசப் பாடசாலைகள்' முளைத்தன. அவை கல்விச் சட்டத்தின் கீழ் வரவில்லை, கம்பனிச் சட்டத்தின் கீழ் வந்தன. மிஷன் முகாமையாளரை வெளியே அனுப்பிய நாட்டில், பாடசாலை ஒரு கம்பனியாகத் திரும்பி வந்தது. கம்பனி என்றால் பங்கு கைமாறலாம். அப்படி மாறினால் பெற்றோரிடம் யாரும் கேட்கப்போவதில்லை. அடுத்த தவணைக் கட்டண அறிவித்தலில்தான் அவர்களுக்குத் தெரியவரும்.

நான் நினைப்பது

1960 சண்டையில் இரண்டு தரப்பும் "பெற்றோரின் உரிமை" என்றே பேசின. தன் சமயப் பாடசாலையில் படிப்பிக்கும் உரிமை என்றது ஒரு தரப்பு. மற்றச் சமயத்தின் பாடசாலைக்குப் போகாமலிருக்கும் உரிமை என்றது மற்றத் தரப்பு. இரண்டும் நியாயமே. ஆனால் சாவி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனதே தவிர, பெற்றோரின் கைக்கு ஒரு நாளும் வரவில்லை. பாடசாலை மிஷனிடம் இருக்கட்டும், அரசாங்கத்திடம் இருக்கட்டும், கம்பனியிடம் இருக்கட்டும். கைமாறும் முன்னர் பெற்றோரை உட்காரவைத்து "என்ன நடக்கப்போகிறது" என்று சொல்லும் கடமை யாருக்கு? அன்றைய இரண்டு சட்டங்களையும் சுற்றி நடந்த சண்டையில் காணாமல் போன கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் பாடசாலை முன்னர் யாருடையதாக இருந்தது என்று விசாரித்துப் பாருங்கள். அந்த டிசெம்பரில் மாணவராக இருந்த யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், அவரிடம் கேளுங்கள். பாடப் புத்தகத்தின் ஒரு வரியைவிட அதிகமாகச் சொல்வார்கள்.